மற்ற கதைகளும் குறிப்பிடத்தக்கவை

மதிப்புரையாளர் படிக்காமல் தாண்டிய கதைகள், அவருடைய மதிப்புரை வெளியாகும் வியாழக்கிழமை காலையில் அந்த நூலின் எல்லாப் பிரதிகளிலிருந்தும் அழிந்துபோயின. தலைப்பும் பக்க எண்ணும் மட்டும் மிஞ்சின. ஏழு வருடம் இப்படி நடந்தது. முதல் ஆறு வருடம் யாரும் அவரைச் சந்தேகிக்கவில்லை. பதிப்பாளர் மை விற்றவரைச் சந்தேகித்தார், மை விற்றவர் காகிதத்தை, பைண்டர் மழையை. நூலகர் தன் வாசகர்களையே சந்தேகித்து, உள்ளே வருகிறவர்களின் பையில் அழிரப்பர் இருக்கிறதா என்று துழாவினார். ஓர் எழுத்தாளர், பீரோவில் பூட்டியிருந்த தன் கையெழுத்துப் பிரதியும் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, சாவி வைத்திருந்த மனைவியோடு இரண்டு மாதம் பேசவில்லை.

குட்டு உடைந்தது நூலகரால்தான். வாரப்பத்திரிகையில் வரும் மதிப்புரையை வெட்டி அந்தந்த நூலின் உள்ளட்டையில் ஒட்டுவது அவர் வழக்கம். அப்படி ஒட்டும்போது, மதிப்புரையில் பெயர் வந்த கதைகள் மட்டுமே நூலில் பிழைத்திருப்பதைக் கவனித்தார். மதிப்புரையாளரின் தொழில்முறை எளிமையானது. முன்னுரை, முதல் கதை, கடைசிக் கதை, பின்னட்டை. பிறகு, "இடம் கருதி விரிவாகச் சொல்லவில்லை, மற்ற கதைகளும் குறிப்பிடத்தக்கவை." மொழிபெயர்ப்பு என்றால், "மொழிபெயர்ப்பு என்றே தெரியாத சரளம்" என்று ஒரு வரி கூடும். மூலமொழியில் அவருக்கு ஓரெழுத்துத் தெரியாது. நுனிப்புல் மேய்வது என்பார்களே, அதை வாரம் தவறாமல் மேய்ந்து பெரிய மனிதர் என்று பெயரும் வாங்கியிருந்தார். கேட்டவர்களிடம் பிடிகொடுக்கவில்லை. எல்லாம் படித்தேன் என்றார். பத்திரிகை ஆசிரியருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் நம்பினார், அல்லது நம்புவதுபோல் இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மதிப்புரையாளரின் அக்காவுடைய நூல் வந்தது. அவர் தொலைபேசி நிலையத்தில் வெளிநாட்டு அழைப்புகளை இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். காதில் மாட்டிய கருவி வழியாகவே ஓர் அயல்மொழியைக் கற்று, அதிலிருந்து பதினான்கு சிறுகதைகளைப் பதினோரு வருடம் உட்கார்ந்து மொழிபெயர்த்திருந்தார். பதிப்பாளர் பழக்கதோஷத்தில் இரண்டு பிரதிகளைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். நூல் 'வரப்பெற்றோம்' பட்டியலில் ஏறிவிட்டது. ஏறினால் மூன்றாவது வாரம் மதிப்புரை வந்தே தீரும். எழுத மறுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று மதிப்புரையாளரும் பின்வாங்கவில்லை. பன்னிரண்டு கதைகள், கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து, போகவிருந்தன. அக்கா ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

"ஊர்தான் பேசுதுன்னா நீயுமாக்கா?"

"நீ பரீட்சைக்கே நடுப்பாடத்தை விட்டுட்டுப் போனவன்டா. எனக்குத் தெரியாதா? எடு புத்தகத்தை."

அவர் படித்தார். எதிர் நாற்காலியில் அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கம் புரளும் வேகம் கூடினால் அவருக்கு உடனே மூக்கில் வியர்த்துவிடும்.

"நில்லு. இப்பத் தள்ளின பக்கத்துல படகுக்காரன் கையில என்ன இருந்துச்சு?"

"துடுப்பு."

"செருப்பு. திரும்பப் படி."

மதிப்புரையாளரின் மனைவி டீ கொண்டுவரும்போதெல்லாம், "அண்ணி, கண்ணு மட்டும்தான் ஓடுது, மனசு இங்க இல்ல" என்று போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். நான்காவது கதையோடு கேள்விகளில் சிக்குவது நின்றது. ஆறாவது கதையை அக்கா சொல்லாமலே இரண்டுமுறை படித்தார். ஒன்பதாவதில் அழுதார். அக்கா அதையும் நம்பவில்லை. கைக்குட்டையை வாங்கி ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். ஈரமாகத்தான் இருந்தது. தான் அழுத இடத்திலேயே அவனும் அழுதிருக்கிறான் என்பதில் அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை வந்த மதிப்புரை ஒன்றரைப் பக்கம் இருந்தது. பதினான்கு கதைகளையும் பற்றிப் பேசியது. இரண்டு இடங்களில் மொழிபெயர்ப்பு தடுக்குகிறது என்றும் சொன்னது. ஊரில் பிரதி வைத்திருந்தவர்கள் எல்லாரும் காலையிலேயே புரட்டிப் பார்த்தார்கள். பதினான்கும் இருந்தன. நூலகர் மட்டும் சமாதானமாகாமல் அட்டையிலிருந்து ஒவ்வொரு பக்கமாகச் சோதித்து, முன்னுரைக்கு முந்தைய ஐந்தாம் பக்கம் வெளுத்திருப்பதைக் கண்டுபிடித்து மதிப்புரையாளர் வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"இதுல என்னக்கா இருந்துச்சு?"

"சமர்ப்பணம்." அக்கா பக்கத்தை விரலால் தடவினார். "உனக்குத்தான் போட்டிருந்தேன். ஏன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அதை நீ படிக்கறப்போ எதிர்ல உக்காந்திருக்க வெக்கமா இருந்துச்சு, தண்ணி குடிக்கப் போயிட்டேன். நீ நேரா முன்னுரைக்குப் போயிட்டே."

"என்ன நாலு வரி?"

"பதினோரு வருஷம் முன்னாடி, முதல் கதையைத் தொடங்கறதுக்கு முன்னாடியே எழுதினது. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். வரலடா."

அக்கா மறந்துவிட்டார் என்பதை மதிப்புரையாளர் நம்பவில்லை. கோபத்தில் மறைக்கிறார் என்று இன்றும் சந்தேகிக்கிறார். கேட்கும்போதெல்லாம் அக்கா, வரல என்கிறார். இரண்டாம் பதிப்பில் புதிதாக ஏதாவது எழுதிப் போடலாம் என்றார் பதிப்பாளர். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாம் பதிப்பிலும் ஐந்தாம் பக்கம் காலியாகவே வந்தது, வாசகர்கள் அதை அச்சகத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மதிப்புரையாளர் அக்கா நூலின் புதுப் பிரதி கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தை எடுக்கிறார். நாலு வரி படிக்க ஆகும் நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முன்னுரைக்குப் போகிறார்.