சொல்லாமல் போகிறவர்கள்

"நீங்க உண்மையில என்ன பண்ணப் பாக்குறீங்க?"

இதுவரை என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கேட்டவள் ராகெல். அப்போது அவள் எனக்குத் திரையில் தெரியும் ஒரு பெயர் மட்டும்.

நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய குளிர்காலம் அது. வகுப்பில் "சைமி" என்று கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், தொண்டையில் சத்தம் வராது, உட்கார்ந்துவிடுவேன். இப்படி எத்தனை நாள்தான் எழுந்து உட்காருவது? வீட்டில் கணினியைக் கிளறிக்கொண்டிருந்தபோது கூய்க்கா அகப்பட்டது. ஏரியில் ராத்திரியெல்லாம் கூவுமே, அந்தப் பறவையின் பெயரை வைத்த மென்பொருள். பாட்டை இசைக்குறிகளாக எழுதலாம், வாசித்துக் கேட்கலாம், அச்சடிக்கலாம். இதை யாரும் விற்பதில்லை. நேரம் கிடைத்தவர்கள் சேர்ந்து செய்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஏதாவது மக்கர் செய்தால் போய்ச் சண்டை போடக் கடை கிடையாது. உதவி மன்றம்தான் உண்டு. அங்கேயும் சம்பளமில்லாத ஆட்கள்தான் பதில் சொல்வார்கள்.

நான் கேட்டது இது: பாட்டை வாசிக்கும்போது சத்தமே வராமல், குறிகள் மட்டும் நகர்வதைப் பார்க்க வழி உண்டா? ஆறு பேர் ஆறு வழி சொன்னார்கள். ஒருவர் மென்பொருளின் உள்ளே கைவைத்து நாலு வரியை மாற்றச் சொன்னார். மாற்றினேன், கூய்க்கா திறக்கவே இல்லை. அப்போதுதான் ராகெல் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது, அவ்வளவுதான் என்று எழுதினேன். அவள் ஒரே ஒரு சொல்லைப் பதிலாகப் போட்டாள்.

"ஹெட்போன்."

அன்று என் அறையில் தனியாகச் சிரித்தேன். அம்மா கதவைத் தட்டி, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டாள்.

அதோடு மன்றத்திலேயே தங்கிவிட்டேன். சாம்பல்நரி என்று பெயர் வைத்துக்கொண்டேன். மற்றவர்களுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். விரலுக்குத் தொண்டை தேவையில்லை. சுருக்கமாக எழுதுவேன், சிரிப்புப் பொம்மைகள் போடமாட்டேன். அதனால் என்னைப் பென்ஷன் வாங்கும் கிழவர் என்று எல்லோரும் முடிவுகட்டி, "பெரியவரே" என்று கூப்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. மரியாதை யாருக்குக் கசக்கும்?

எங்கள் மன்றத்தில் ஒரு தீராத சண்டை உண்டு. கேள்வி கேட்பார்கள், நாங்கள் மண்டையை உடைத்துப் பதில் சொல்வோம், அதற்குப்பின் ஆளைக் காணோம். நன்றி இல்லை, 'தீர்ந்தது' என்ற பொத்தானைக்கூட அழுத்துவதில்லை. அவர்களைச் சொல்லாமல் போகிறவர்கள் என்போம். இல்போவுக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் லாத்தி என்ற ஊரில் மீன்வலை விற்கிறவர், மன்றத்தில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிறவர். ராகெல் மருத்துவமனையில் தாதி. அவள் வேறு மாதிரி சொல்வாள். வார்டில் வலி தீராதவன்தான் மணியடித்துக்கொண்டே இருப்பான், வலி போனவன் தூங்கிவிடுவான், அவனை எழுப்பி நன்றி சொல்லச் சொல்வாயா என்பாள். இந்தச் சண்டைக்கென்றே மன்றத்தில் ஓர் இழை, அதாவது தனி உரையாடல் வரிசை, ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஜூனில்தான் நாங்கள் முதன்முறையாக நேரில் கூடினோம். தம்பரே நகரில் ஏரிக்கரையில் ஒரு பழைய மண்டபம். மாடியறையை எங்களுக்குப் பிடித்தவர் தோர்ஸ்தி. மன்றத்தின் சாவி அவர் கையில்தான், சர்வர் ஓடுவதும் அவர் வீட்டு அலமாரியில்தான். மன்றப் பெயரை எழுதிய அட்டையை ஆளுக்கொன்று சட்டையில் குத்திக்கொண்டோம். இல்போ என் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பெரியவர் எங்கம்மா? கீழ காரை நிறுத்திட்டு இருக்காரா?"

நான் அட்டையைத் தட்டிக் காட்டினேன். ராகெல் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, உன்கிட்டயா நான் என் முட்டிவலியெல்லாம் சொல்லி அழுதேன்?"

அந்த ஒரு நிமிடம் ஒரே கூச்சல். பிறகு எல்லோரும் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தோர்ஸ்தியைச் சேர்க்காமல் எட்டுப் பேர். என்ன பேசுவது? யாருக்கும் தெரியவில்லை. காபி குடித்தோம். அரிசிப் பிட்டைச் சாப்பிட்டோம். ஒருவர் மடிக்கணினியைத் திறந்தார். மற்றவர்களும் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் மன்றத்தில் புது இழை ஒன்று முளைத்தது: 'காபி தீர்ந்துவிட்டது, உதவவும்.' எதிரில் உட்கார்ந்திருந்தவர்தான் எழுதியிருந்தார். அதற்கடியில் ராகெல் எழுதினாள்: 'எந்தப் பதிப்பு? கடுங்காபியா, பால் காபியா? படம் பிடித்துப் போடவும்.' மேசை முழுக்கச் சிரிப்பில் குலுங்கியது. ஆனால் வாயைத் திறந்து யாரும் ஒரு சொல் பேசவில்லை. எங்களுக்கு அப்படித்தான் வந்தது. எனக்கோ சொர்க்கம்.

தோர்ஸ்தி மட்டும் கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கரையிலிருந்த சவுனாவுக்கு, அந்த நீராவிக் குளியலறைக்கு, போய்விட்டார்.

அப்போதுதான் பஸ்ஹெய்மோ என்ற புதுப் பெயரில் ஒரு கேள்வி வந்தது. ஒரு குறியைத் தாளில் தெரியாமல் மறைக்க வேண்டும், ஆனால் அதன் இடம் அப்படியே இருக்க வேண்டும், எப்படி? கூடவே கணினித் திரையைப் பிடித்த படம் ஒன்று.

எளிய கேள்வி. வழக்கமாக ஒருவர் பதில் சொல்வார், கதை முடியும். ஆனால் அன்று எட்டுப் பேரும் ஒரே மேசையில், ஒருவருக்கு முன் ஒருவர் கெட்டிக்காரராகத் தெரிய வேண்டும் என்ற துடிப்பில் இருந்தோம். இல்போ ஒரு வழி சொன்னார். குறிக்கு வெள்ளை வண்ணம் அடித்தால் போதுமே என்றாள் ராகெல். அப்படிச் செய்தால் கோடு அழியும் என்றார் இன்னொருவர். நானும் குறுக்குவழி ஒன்றைப் போட்டேன், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. யார் வழி சிறந்தது என்று எங்களுக்குள் சண்டை மூண்டது. கேட்டவரை எல்லோரும் மறந்துவிட்டோம்.

அவர் திரும்ப எழுதினார். ஒவ்வொன்றாகத்தான் மறைக்க வேண்டுமா, நூற்றுக்கு மேல் இருக்கிறதே என்றார். முதலில் பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள் என்றார் இல்போ. கேள்வி கேட்பது எப்படி என்ற விதிப் பக்கத்தை ஒருவர் ஒட்டினார். உடனே பஸ்ஹெய்மோவிடமிருந்து நீளமாக ஒன்று வந்தது. முதல் வரியே எங்கள் எல்லோரையும் வெட்டிப் பேச்சுக்காரக் கழுதைகள் என்றது.

மன்றத்தில் அதற்கொரு சிவப்புக் கொடி உண்டு. யாராவது மரியாதைக் குறைவாக எழுதினால் அதை அழுத்தலாம். மூன்று பேர் அழுத்தினால், எழுதியவர் மறுநாள் வரை மன்றத்தில் வாய் திறக்க முடியாது. இத்தனை வருடத்தில் அப்படி யாரும் பூட்டப்பட்டதே இல்லை. ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூங்குவார், இன்னொருவர் கடலில் இருப்பார். மூன்று கொடி சேர்வதற்குள் கோபம் ஆறிவிடும். அன்று நாங்கள் எட்டுப் பேரும் ஒரே மேசையில் இருந்தோம் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எட்டு விரலும் ஒன்றாக அழுத்தின.

பூட்டு விழுந்த பிறகுதான் அந்தப் பதிவைக் கடைசி வரை படித்தோம். கடைசி வரி இது: 'மூணு மணிக்கு எனக்குக் கல்யாணம்யா. அவளுக்காக நான் எழுதின பாட்டு இது.'

எட்டுப் பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். இரண்டேகால்.

"பூட்டைத் தொறங்க" என்றாள் ராகெல், வாயால்.

"தோர்ஸ்திகிட்டதான் சாவி" என்றார் இல்போ.

தோர்ஸ்தியின் கைப்பேசி மேசைமேல் பளபளத்தது. ஜன்னலுக்கு ஓடினோம். சவுனாவின் வாசல் திறந்துகிடந்தது. தூரத்தில், தண்ணீரில், ஒரு வழுக்கைத்தலை எதிர்த்தீவை நோக்கி நிம்மதியாக நீந்திப் போய்க்கொண்டிருந்தது. இல்போ ஜன்னலில் நின்று துண்டை ஆட்டினார். தலை திரும்பி, அன்போடு ஒரு கையை ஆட்டிவிட்டு, மேலும் தூரம் போனது. ராகெல் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒருத்தன் கல்யாணம் போச்சு, நான் சிரிக்கிறேன் பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஆள் எந்த ஊரோ, எந்த மூலையோ, யாருக்குத் தெரியும்? அவர் போட்ட படத்தை மறுபடி திறந்தேன். கணினித் திரைக்குப் பின்னால் ஒரு ஜன்னல், அதில் மஞ்சள் மீன்கள் அச்சடித்த திரைச்சீலை. அவ்வளவு அசிங்கமான மீன்களை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த காலையெல்லாம் முகங்களைப் பார்க்கக் கூசி நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை இல்போவின் தலைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தன.

திரையையும் திரைச்சீலையையும் மாறிமாறிக் காட்டினேன். கீழே யாரோ அக்கார்டியனில் ஸ்வரம் பிடிக்கும் சத்தம் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும்.

"யாராவது கீழ போங்கப்பா" என்றார் இல்போ. யாரும் அசையவில்லை. ஒருவர் உட்கார்ந்து, 'யார் கீழே போவது?' என்று புது இழை தொடங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது. எழுந்து ஓடினேன்.

கீழ்க்கூடம் முழுக்க பஸ் ஓட்டுநர்கள். நகரப் பேருந்து ஓட்டுநர்களின் பாடகர் குழு, சீருடையில், பித்தான்கள் மின்ன. மூலையில் கோட்டுப் போட்ட ஒருவர் மடிக்கணினி முன் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவர்முன் போய் நின்றேன். நின்றேன், அவ்வளவுதான். தொண்டை பழைய வேலையைக் காட்டியது. அவர் என் அட்டையைப் படித்தார்.

"சாம்பல்நரியா? என் வாயைப் பூட்டின கும்பல்ல நீயும் ஒருத்தியா?"

எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியம் வெளியே வந்தது. கீச்சென்றுதான் வந்தது, ஆனாலும் வந்தது.

"நீங்க உண்மையில என்ன பண்ணப் பாக்குறீங்க?"

ஹெய்மோ ஒரு கணம் என்னை முறைத்தார். பிறகு மூச்சை விட்டார். "மார்கெத்தாவுக்குத் தொண்டை கட்டிடுச்சும்மா. மேல போற ஸ்வரமெல்லாம் அவ ஒருத்திதான் எட்டுவா. வேற யார் பாடினாலும் பிரேக் அடிச்ச மாதிரி கிறீச்சிடுது. அதான் அதையெல்லாம் மறைக்கிறேன். அந்த எடத்துல எல்லாரும் சும்மா இருக்கட்டும். பாட்டு பொக்கைவாய் மாதிரி ஆயிடும், என்ன பண்றது?"

"கட்டையை இறக்கிடலாமே" என்றேன். "முழுப் பாட்டையும்."

"இறக்கிப் பாடச் சொன்னேன். அக்கார்டியன் எங்க அத்தை. தாள்ல இருக்கறதைத் தவிர ஒரு ஸ்வரம் வாசிக்காது."

"தாளையே இறக்கிடலாம்."

கணினியை என் பக்கம் திருப்பினேன். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டியலைத் திறந்து, இரண்டு கட்டை கீழே என்று அழுத்தினேன். குறிகளெல்லாம் ஒன்றாகப் படியிறங்குவது போல இறங்கின. அவர் மறைத்து வைத்திருந்தவற்றையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஹெய்மோ வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மணி நேர உழைப்பு, இரண்டே அழுத்தல்.

தடித்த ஓட்டுநர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "டேய் ஹெய்மோ, அடிக்குரல் பாடுற நான் இதுக்கும் கீழ போகணுமா?"

"முடியுமா?"

"நிலவறை வரைக்கும் போவேன்டா."

அச்சுப்பொறி இருமியது, நின்றது, மறுபடி இருமியது. தாள்கள் சூடாக வந்தன. அத்தை முதல் தாளைப் பிடுங்கிக்கொண்டு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். அதற்குள் வாசலில் மணமகள் லெம்பியின் கார் வந்துவிட்டது. நான் படிக்கட்டுப் பக்கம் நழுவினேன்.

படியில் எட்டுப் பேரில் மீதி ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முழு நேரமும் ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். ராகெல் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஈரத் துண்டோடு தோர்ஸ்தி வந்து, என்ன நடக்கிறது, யார் யாரைப் பூட்டினார்கள் என்று கேட்க, எல்லோரும் சேர்ந்து அவர் வாயைப் பொத்தினோம்.

பாட்டு தொடங்கியது. ஒரு பொக்கை இல்லை. உயரமான இடம் வந்தபோது என் விரல்கள் ராகெலின் கையை நசுக்கின. ஓட்டுநர்கள் அதை மேட்டில் ஏறும் வண்டி மாதிரி பதறாமல் கடந்தார்கள். தொண்டை கட்டிய மார்கெத்தாகூடக் கரகரவென்று சேர்ந்துகொண்டாள். லெம்பி அழுதாளா சிரித்தாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது குலுங்கிக்கொண்டிருந்தது. இல்போ மூக்கை உறிஞ்சினார். வலைக்கடைத் தூசி என்றார், கடை நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தாலும்.

பிறகு எல்லோரும் வெளியே போனார்கள். வாசலில் வெள்ளை ரிப்பன் கட்டிய நகரப் பேருந்து நின்றது. முகப்புப் பலகையில் தடம் எண்ணுக்குப் பதிலாக லெம்பி என்ற பெயர் ஓடியது. நாங்களும் வாசல் வரை வந்து, கூச்சத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டோம்.

ஹெய்மோ லெம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களைக் கடந்து ஓடினார்.

"பாரு, நம்மளைத் திரும்பிக்கூடப் பாக்கல" என்றார் இல்போ மெதுவாக.

"வலி போயிடுச்சுய்யா" என்றாள் ராகெல்.

பஸ்ஸின் கதவு புஸ்ஸென்று மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் ஹெய்மோ வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் எங்களைப் பார்த்து அல்ல. தடித்த ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். நாங்கள் ஒன்பது பேரும் கைதட்டத் தொடங்கினோம். வண்டி ஏரிக்கரை வளைவில் திரும்பியது, ஒரு சொல்கூடச் சொல்லாமல் ஹெய்மோ போய்விட்டார்.