ஓர் அங்குலத்துக்கு எத்தனை சுற்று

பார்வை போன பிறகு ஐரின் பின்னல் ஊசிகளைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டாள். விரல்கள் பின்னலை மறக்கவில்லை. கண் நன்றாக இருந்த நாளிலேயே டிவியைப் பார்த்துக்கொண்டு கை பாட்டுக்குச் சுவெட்டர் பின்னியவள்தான். அவளை மடக்கியது நூல். நூலின் தடிமனுக்கு ஏற்றபடிதான் ஊசி எடுக்க வேண்டும். அந்தத் தடிமனை லேபிளில் பார்க்க வேண்டும். இனி ஒவ்வொரு லேபிளுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டும் என்ற நினைப்பே அவளுக்குக் கசந்தது.

பிரேசர் டவுன் வீட்டில் அவளோடு இருந்தது தங்கை சுனிதா. பொம்மனஹள்ளியில் ஒரு பின்னலாடை கம்பெனியில், தைத்து வரும் துணிகளில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. நவம்பர் பிறந்ததும் விடியற்காலை ஷிப்டுக்கு ஸ்கூட்டரில் போய்வந்து இருமத் தொடங்கினாள். ஒருநாள் கம்பெனியில் மிஞ்சிய கம்பளி நூல் உருண்டைகளை ஒரு பை நிறைய அள்ளிவந்தாள்.

"தலையணைக்குள்ள அடைக்கலாம்க்கா."

ஐரின் பைக்குள் கைவிட்டாள். ஒன்று சேமியா போல மெலிசு. ஒன்று ஷூ லேஸ் போலத் தடி. இடைப்பட்டவைதான் அதிகம்.

"இதுல உனக்கு சுவெட்டர் பின்றேன்."

"லேபிளே இல்லையே! இரு, நான் பார்த்துப் பிரிச்சுத் தரேன்."

"நீ பார்க்க வேணாம்டி. நானே அளக்கிறேன்."

வழி அவளுக்குத் தெரியும். நூலை ஸ்கேலில் பக்கத்துப் பக்கமாகச் சுற்றி, ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுற்று அடங்குகிறது என்று எண்ண வேண்டும். தடித்த நூல் என்றால் சில சுற்றுகள். மெலிந்தது என்றால் பல. ஆனால் ஸ்கேலின் கோடுகளைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. தெருமுனைத் தச்சர் கிருஷ்ணப்பாவிடம் போய், பட்டையான ஒரு மரத்துண்டில் அங்குல இடைவெளி விட்டு இரண்டு வெட்டுப் போடச் சொன்னாள்.

"கரெக்டா ஒரு இஞ்சு, நோடி" என்று நீட்டியவர், 'பாருங்கள்' என்று தன் கன்னடத்தில் சொல்லிவிட்டதை உணர்ந்து சட்டென நாக்கைக் கடித்துக்கொண்டார். "தொட்டுப் பாரும்மா."

ஐரின் சிரித்துவிட்டாள். இரு வெட்டும் விரலில் பளிச்சென்று தட்டுப்பட்டன.

அன்றே சுற்றினாள், எண்ணினாள், ஊசி எடுத்தாள். ஒரு வாரத்தில் முதுகுப்பக்கம் தயார். சுனிதா முதுகில் வைத்துப் பார்த்தாள்.

"அட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குதுக்கா." பிறகு தணிந்த குரலில், "விடுக்கா, நான் கடையில வாங்கிக்கிறேன்" என்றாள்.

அந்தத் தணிந்த குரல்தான் ஐரினைச் சுட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் தங்கை வேலைக்குப் போனதும் பட்டையை மறுபடி எடுத்தாள். பாதிச் சுற்றில் கை நின்றது. நூல் நழுவிவிடுமோ என்ற பயத்தில், தன்னையறியாமல் அதை இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தாள்! இழுத்த நூல் மெலிந்துபோகும்; சுற்று கூடும்; மெல்லிய நூல் என்று நம்பி மெல்லிய ஊசி எடுத்தால் துணி விறைக்காமல் என்ன செய்யும்?

இப்போது நூலைப் பட்டையின்மேல் தானாகப் படிய விட்டாள். இடைவெளி இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் இல்லை. நகத்தை ஓட்டி ஒவ்வொரு மேடாக எண்ணினாள். எண்ணிக்கை இறங்கியது. ஒவ்வோர் உருண்டையையும் வேறு வேறு இடத்தில் சுற்றிப் பார்த்து, ஒத்துவந்தவற்றை மட்டும் மடியில் சேர்த்தாள். விறைத்த துண்டை மொத்தமாகப் பிரித்துப்போட்டு, தடித்த ஊசியில் உள்ளங்கை அகலத்துக்கு மாதிரிக்கு ஒரு துண்டு பின்னினாள். கசக்கினால் கசங்கியது, விட்டால் விரிந்தது. "வா வழிக்கு!" என்று உரக்கவே சொன்னாள்.

டிசம்பர் குளிர் இறங்குவதற்குள் சுவெட்டர் முடிந்துவிட்டது.

"தங்கச்சியா பார்க்காத. உன் செக்கிங் டேபிளுக்கு வந்த துணியா பாரு."

சுனிதா அதை உள்புறம் வெளியே திருப்பினாள். தையலை இழுத்தாள். சுவெட்டரின் இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாள். ஐரின் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"பாஸ்!"

"நிஜமாவா?"

"கம்பெனில என்னைப் பேய்னு கூப்பிடுறாங்க. நான் சும்மா பாஸ் போடுவேனா?" சுனிதா சுவெட்டரை மாட்டிக்கொண்டு அக்காவைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, பின்னல்காரப் பெண்கள் கிறிஸ்மஸ் விற்பனைக்காகக் கூடிப் பின்னும் ஹாலுக்குத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஐரின் போனாள். நடத்துபவள் ஜானகி ஓடிவந்தாள்.

"வாங்க ஐரின்! உட்காருங்க, சும்மா பேசிட்டிருக்கலாம்."

"பேச வரல, ஜானகி. கிறிஸ்மஸ் சேல்ஸுக்கு எனக்கு என்ன வேலை?"

ஜானகி தயங்கினாள். பிறகு சுனிதா போட்டிருந்த சுவெட்டரின் தோளைத் தொட்டுத் தடவினாள். "இது யார் பின்னினது?"

"அக்காதான்" என்றாள் சுனிதா. "நூலைக்கூட அவங்களேதான் அளந்து எடுத்தாங்க. என்னைக் கிட்டவே விடல."

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். சுனிதாவைத் திருப்பித் திருப்பி நிறுத்தினார்கள். காலரை யாரோ இழுத்தார்கள். ஜானகி வேறெதுவும் கேட்கவில்லை.

"குழந்தைங்க தொப்பி பாக்கி இருக்கு, ஐரின். பண்றீங்களா?"

"கொண்டாங்க."

வெளியே ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டு சுனிதா குரல் கொடுத்தாள். "அக்கா, வீட்டுக்குப் போலாமா?"

"நீ போடி" என்றாள் ஐரின், முதல் கண்ணியை ஊசியில் ஏற்றியபடி. "எனக்கு வேலை இருக்கு."