அண்ணி திருடிய மூச்சு

என் புருஷன் கென்வாங்கை ஒரு கதவுப் பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் களத்தில் கோதுமை அடித்துக்கொண்டிருந்தேன். முதலில் என் கண்ணில் பட்டது பலகையில் ஒட்டியிருந்த சிவப்புத் தாள்தான். புத்தாண்டுக்கு நானே பசை தடவி ஒட்டியது. எங்கள் வீட்டுக் கதவு. கழற்றிக்கொண்டு போனவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நெஞ்சில் ஓர் ஓட்டை, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு. அவ்வளவுதானா என்று முதுகுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். கை உள்ளே போய்விட்டது. முதுகு என்று ஒன்று அங்கே இல்லை. ரத்தமும் எலும்புத் துண்டுகளும் கோதுமை உமியோடு சேர்ந்து என் முழங்கைவரை அப்பிக்கொண்டன. நான் அழுதேனா என்று நினைவில்லை. பலகையைத் தூக்கி வந்தவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அன்று காலை சிப்பாய்கள் நாலைந்து பேர் எங்கள் ஊர்க் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுத்துறைக்குப் போயிருந்தார்கள். எந்த ஜெனரலின் சிப்பாய்கள் என்று கேட்காதீர்கள். அப்போதெல்லாம் எங்கள் சீனத்து ஹெனான் மாகாணத்தில் மழை வந்ததோ இல்லையோ, ஜெனரல்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எங்கள் ஊர் ஈட்டிக்காரர்கள் வெற்று மார்போடு கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துச் சிப்பாய்கள் மிரண்டு, கண்டபடி சுட்டுவிட்டு, கழுதைகளை விட்டுவிட்டு ஓடிப்போனார்கள். ஊருக்கு வெற்றி. செத்தவன் ஒரே ஒருவன், அவன் என் புருஷன்.

ஒருவன் மட்டும் செத்ததுதான் ஊருக்குச் சிக்கலாகப் போயிற்று. ஏனென்றால் யாருமே செத்திருக்கக் கூடாது. குளிர்காலத்தில் மலைப்பக்கமிருந்து வந்த பாங் வாத்தியார், தாவோ சாமியார், எங்கள் ஆண்களுக்கு மூச்சு கட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி கால்களை அகட்டி நிற்க வேண்டும். மூச்சை இழுத்துத் தொப்புளுக்குக் கீழே சேர்த்து, அங்கிருந்து உடம்பெங்கும் பரப்ப வேண்டும். மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை எரித்துச் சாம்பலைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அப்புறம் தோல் இரும்பு, குண்டு பட்டால் தெறித்துவிடும். ஒரே நிபந்தனை, பயிற்சிக் காலத்தில் பெண்ணைத் தொடக் கூடாது. பெண் கையால் ஒரு வாய் சாப்பிடவும் கூடாது. தொட்டால் சேர்த்த சக்தி எல்லாம் ஒழுகிப் போய்விடும்.

கென்வாங்தான் அவருடைய முதல் மாணவன். அவன் வயிற்றில்தான் செங்கல்லை வைத்து உடைத்துக் காட்டுவார்கள். அப்பேர்ப்பட்டவன் செத்தான் என்றால் ஒன்று மந்திரம் பொய், இல்லை கென்வாங் ஒழுகியிருக்கிறான். மறுநாள் பட்டாளம் முழுசாக வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மந்திரம் பொய் என்று நினைக்க அந்த ஊரில் யாருக்குத் தெம்பு இருக்கும்? மத்தியானத்துக்குள் என்னைக் கோயில் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் மண்டியிட வைத்துவிட்டார்கள்.

பாங் வாத்தியார் ஒல்லியான மனிதர், அதட்டிப் பேசாதவர். என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"கென்வாங் ஏம்மா செத்தான்?"

"குண்டு பட்டுச்சு, செத்தாரு."

"குண்டு எல்லார் மேலயும்தான் வந்துச்சு. இவன் ஒடம்புல மட்டும் ஏன் பூந்துச்சு?"

"அதைச் சுட்டவன்கிட்ட கேளுங்க."

கூட்டத்தில் சோயாக் கட்டி, தோஃபு, விற்கிற குண்டுப் பொம்பளை வாயைத் திறந்தாள். "பாரு அவ வாயை. புருஷன் ஒடம்பு இன்னும் ஆறல, அதுக்குள்ள எகத்தாளம். நெருப்புன்னு தெரிஞ்சும் பக்கத்துல பஞ்சை வச்சா பத்தாம என்ன செய்யும்? அவன் கொட்டகைக்கும் இவ வீட்டுக்கும் நடுவுல ஒரு முற்றந்தானே."

எனக்குச் சுரீரென்றது. ஏனென்றால் அவன் தொடவில்லை. மாவரைக்கிற கொட்டகையில் படுத்துக்கொண்டு, காய்ந்த ரொட்டியைத் தானே சுட்டுத் தின்றுகொண்டு, ஒருநாள்கூட முற்றத்தைத் தாண்டி வரவில்லை. கடைசியாகப் பேசியபோதும் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றான். உள்ளே வா, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போ என்று கூப்பிட்டேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கடி" என்று சிரித்துவிட்டுப் போனான். வந்து ஒரு தடவை கட்டிக்கொண்டிருந்தால் எனக்கு அதுவாவது மிச்சம். அதுவும் இல்லை, அதற்குப் பழியும் எனக்கு.

"ஒத்துக்கம்மா" என்றார் வாத்தியார். "ஒத்துக்கிட்டா கறை கழுவின மாதிரி. நாளைக்குப் போற பசங்க மனசு கலங்காமப் போவாங்க. உன்னை யாரும் கொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒத்துக்கொண்டால் எனக்கு நாலு அடி, கென்வாங்குக்கு மதிலுக்கு வெளியே ஒரு குழி, அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் என் கொழுந்தன் மான்துன் நின்றுகொண்டிருந்தான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டிருந்தவன். மாமியார் இல்லாத வீட்டில் அவனுக்குப் பேன் பார்த்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது எல்லாம் நான்தான். இப்போது அரும்பு மீசையும் சிவப்புத் துணி கட்டிய ஈட்டியுமாக நிற்கிறான். நான் ஒத்துக்கொண்டால் நாளைக்கு அவன் சட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்பான். அண்ணன் சுத்தமாக இருந்தும் செத்தான் என்பது அவன் மண்டையில் ஏறினால் ஒருவேளை நிற்க மாட்டான். எனக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

"அவர் என்னைத் தொடல" என்றேன். "விரலால கூட தொடல. சுத்தமாத்தான் இருந்தாரு, அப்படியும் செத்தாரு. மான்துன், நல்லாக் கேட்டுக்கோ."

குடும்பத்துக் கறையைக் குடும்பத்தான்தான் கழுவ வேண்டும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். கதிரடிக்கிற கோலை மான்துன் கையில் கொடுத்தார்கள். அவன் என் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் வந்து நின்றான்.

முதல் அடி தோளில் விழுந்தது. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. இரண்டாவது அடி அதே இடத்தில் விழுந்ததும் நான் மூச்சைக் கீழே இறக்கினேன்.

இதைச் சொல்ல வேண்டும். பஞ்ச காலத்தில் என் அப்பா என்னை மலைமேல் இருந்த தாவோ சாமியாரிணிகளின் மடத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தார். நான் அங்கே பாத்திரம் தேய்த்தேன். விடியற்காலை அவர்கள் எல்லாரும் உட்கார்ந்து மூச்சைப் பார்ப்பார்கள். பனிக்கட்டித் தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பதற்கு உட்காருவது மேல் என்று நானும் உட்கார்ந்தேன். மூச்சு கீழே போகிறது, தொப்புளுக்கடியில் ஒரு கதகதப்பு வருகிறது, அதோடு இரு. இவ்வளவுதான் அங்கே பாடம். தோல் இரும்பாகும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. வலிக்காது என்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பிறகும் மாவு ஆலை இழுக்கிற கழுதைக்குத் தீனி வைக்கும் முன் கொஞ்ச நேரம் அப்படி உட்காருவேன். கென்வாங்குக்கு அது தெரியும். "எங்களோடது சண்டைக்கு, உன்னோடது சோம்பேறிக்கு" என்று கேலி செய்வான்.

கோல் விழுந்துகொண்டே இருந்தது. சட்டை கிழிந்தது, தோல் கிழிந்தது, சூடாக இடுப்புவரை வழிந்தது. ஒரு விலா எலும்பு போனதை என் காதாலேயே கேட்டேன். வலி குறையவே இல்லை. வலி அதன் இடத்தில் இருந்தது, நான் என் இடத்தில் இருந்தேன். வாயைத் திறந்தால் வேண்டியதை ஒத்துக்கொண்டுவிடுவேன் என்ற பயத்தில் திறக்கவே இல்லை. மூக்கால் மெதுவாக விட்டேன், மெதுவாக இழுத்தேன். கோல் முறிந்தது.

பாங் வாத்தியார் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். அவர் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. குழந்தைக்குத் தின்பண்டம் கிடைத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம்.

"நாடி ஓடவே இல்ல, நடக்குது" என்றார். "இவ்வளவு அடிக்கு ஒரு முனகல் இல்ல. இந்தச் சக்தி இவளுக்கு எங்கேர்ந்து வந்துச்சு? எல்லாம் கென்வாங்கோடது. அத்தனையையும் உறிஞ்சி உள்ள வச்சிருக்கா."

கூட்டம் ஆவென்று மூச்சு விட்டது. தோஃபுக்காரி தன் புருஷனைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். நான் திரும்பி மான்துனைப் பார்த்தேன். கையில் முறிந்த கோலோடு, கண்கள் பளபளக்க, என்னைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கடைசிச் சந்தேகமும் தீர்ந்துபோயிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலறினேன். அம்மா, அப்பா, வலிக்கிறதே என்று மண்ணில் புரண்டு கத்தினேன், உண்மையாகவே வலித்தது. ஜனங்கள் சிரித்தார்கள். "இப்பப் போய் நடிக்கறா பாரு" என்றாள் தோஃபுக்காரி.

மறுநாள் விடியும் நேரத்தில் மான்துன் வீட்டுக்கு வந்தான். கதவுதான் இல்லையே, நேராக உள்ளே வந்தான். கட்டிலில் குப்புறக் கிடந்த என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

"அண்ணி, என் மேல கோவமா?"

"முதுகைப் பாருடா. தோல் இருக்கா அதுல?"

"எலும்பு ஒண்ணுதான் போயிருக்கு. வேற ஆளா இருந்தா செத்திருப்பாங்க, அண்ணி. நானே அடிச்சேன், எனக்குத் தெரியாதா எவ்வளவு பலமா அடிச்சேன்னு? அண்ணன் சக்தி அது."

"அண்ணன் சக்தி அண்ணன்கிட்ட இருக்கும்போதே அவரைக் காப்பாத்தல. எங்கிட்ட இருக்கறது மூச்சு. உனக்கும் இருக்கு, கழுதைக்கும் இருக்கு."

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அதுல கொஞ்சம் எனக்குக் குடுங்க அண்ணி. வயித்துல கைய வச்சு உள்ள அனுப்புங்க. வாத்தியாருக்குத் தெரிய வேணாம். பட்டாளம் மேட்டுக்கு வந்தாச்சாம்."

இவனிடம் இனி எதைப் பேசியும் பிரயோஜனமில்லை. சுவரில் கென்வாங்கின் ஈட்டி சாத்தியிருந்தது. நான் எழுந்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து அதைக் கையில் எடுத்தேன்.

"சரி, தரேன்" என்றேன். "ஆனா ஏறுச்சான்னு பாத்துட்டுதான் அனுப்புவேன். சாம்பல் தண்ணி குடிச்சியா? குடிச்சுக்கோ. நில்லு. எல்லாத்தையும் ஒழுங்கா செய்."

சந்தோஷமாகச் செய்தான். இடுப்பில் முடிந்து வைத்திருந்த மஞ்சள் தாளை எரித்துக் கிண்ணத்தில் கலக்கிக் குடித்தான். கால்களை அகட்டி நின்றான். மூச்சை இழுத்துக் கட்டினான், கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவன் வயிற்றில் கை வைத்தேன். காய்ச்சலில் கிடந்தபோது தடவிக்கொடுத்த அதே வயிறு, இப்போது கல்லாக இறுகியிருந்தது.

"ஏறிடுச்சு அண்ணி" என்றான் கண்ணைத் திறக்காமல். "குத்துங்க."

நான் மூச்சைக் கீழே இறக்கினேன். ஈட்டியை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் போட்டு, அவன் வலது தொடையில் இறக்கினேன். தசையில் வழுக்கிக்கொண்டு போய் எலும்பில் இடித்து நின்றது. அப்படியே ஒரு திருகு திருகினேன். சும்மா கிழித்துவிட்டால் துணியைக் கட்டிக்கொண்டு ஓடிவிடுவான், அவனைப் பற்றி எனக்குத் தெரியும்.

அவன் உடனே கத்தவில்லை. கண்ணைத் திறந்து, தொடையில் நின்ற ஈட்டியைப் பார்த்தான். யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்பதுபோல் பார்த்தான். அப்புறம் கால் மடிந்தது. நான் ஈட்டியைப் பிடுங்கினேன், ரத்தம் என் முகத்தில் அடித்தது. என் இடுப்புத் துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன். என் முடியைப் பிடித்து இழுத்தான், முகத்தில் குத்தினான், என் கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. நான் கட்டுவதை நிறுத்தவில்லை.

"நீங்க முழுசாக் குடுக்கல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "பாதிய வச்சுக்கிட்டீங்க."

கோயில் முரசு அடித்தது. அவன் முழங்கையால் ஊர்ந்து வாசல்வரை போனான். நான் காலைப் பிடித்து இழுத்து அவன் மேல் உட்கார்ந்தேன். உடைந்த விலா குத்தக் குத்த உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆட்கள் பாடிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கம் புதுவிதமான சத்தம் கேட்டது. விட்டு விட்டுச் சுடும் சத்தமில்லை, நிற்காமல் துணி கிழிக்கிற சத்தம். பாட்டு ஒரு வரியின் நடுவிலேயே நின்றுபோயிற்று.

பாங் வாத்தியார் எல்லாருக்கும் முன்னால், சட்டையில்லாமல் போனாராம். இடுப்புக்கு மேலே அவரை அடையாளம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஏமாற்றுக்காரர் இல்லை அந்த மனிதர், ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் ஓடியிருப்பார், மற்றவர்களும் கூட ஓடியிருப்பார்கள். அவரையும் மற்றவர்களையும் தூக்கிவர ஊரிலிருந்த கதவு அத்தனையும் கழன்றுபோயிற்று. தோஃபுக்காரி வீட்டில் இரண்டு போயின. புருஷனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. அந்தக் குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் வாசலில் கோணியைத் தொங்கவிட்டுக்கொண்டு நடுங்கினோம். அவள் என்னைக் கண்டால் காறித் துப்புவாள், நான் துடைத்துக்கொண்டு போவேன்.

மான்துன் பிழைத்தான். வலது கால் மடங்காது. ஆலைக் கழுதைக்குப் பின்னால் விந்தி விந்திச் சுற்றுகிறான். மாவு அரைக்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறான், அன்றைக்கு அண்ணி பாதி சக்தியை ஒளித்துக்கொண்டு என்னைக் குத்திக் கெடுத்திருக்காவிட்டால் ஒரு குண்டும் என்னைத் துளைத்திருக்காது, நான் முன்னால் நின்றிருந்தால் ஊரே பிழைத்திருக்கும் என்று. என்னோடு நேராகப் பேசுவதில்லை. நான் வைத்த சோற்றை மட்டும் தின்பான்.

விடியற்காலை நான் உட்காரும்போது கொட்டகை வாசலில் நின்று என்னை முறைத்துப் பார்க்கிறான். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணுகிறான் போலிருக்கிறது, தன்னுடைய பாதியைத் திருப்பி எடுக்க வழி தேடுகிறான் போலிருக்கிறது. முறைக்கட்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு மூச்சின் சத்தத்தையும் கேட்கிறேன். வாசலில், கரகரவென்று, கோபமாக, அவனுடைய மூச்சு.