நசருல்லா நின்ற இடம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. என் அக்கா பத்மாவின் கணவர் கோதண்டம் பாவா சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்வது. எழுபத்தாறாம் வருஷத்தில் திருத்தணி பாஸ்கெட் பால் அணிக்கு அவர்தான் கேப்டன். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"ஆங், எழுது. பொய்யி கலக்காதே," என்றார். கதை எழுதுகிறவனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார்.

2

முதல் தொடக்கம்: மலையடிவாரத்து மைதானத்தில் அந்தி மெல்ல

(நிறுத்திவிட்டேன். பாவா அந்தியைப் பார்த்ததே இல்லை, பந்தைத்தான் பார்த்தார்.)

இரண்டாவது: நசருல்லா ஆறடிக்கு மேல் உயரம், லாரி மெக்கானிக். ரிங்குக்குக் கீழே இடப்பக்கம் நிற்பான். மற்ற நால்வரும் பந்தை அவன் கைக்குச் சேர்ப்பார்கள். அவன் போடுவான், அணி ஜெயிக்கும். பிறகு அவனுக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை கிடைத்தது. அந்த ஊர் அணிக்கே ஆடப் போய்விட்டான்.

அடுத்த மேட்ச்சில் எல்லோரும் பழக்கத்தில் அவன் நின்ற இடத்துக்கே பந்தை வீசினார்கள். அது யார் கையிலும் படாமல், வேடிக்கை பார்த்தவர்கள் நடுவே போய் விழுந்தது. திரும்பத் திரும்ப. பாவாவுக்கு அழுகை வந்துவிட்டதாம். (என்னிடம் ஒப்புக்கொள்ளவில்லை. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.)

3

சிங்காரம் பொதட்டூர்பேட்டையில் தறி நெய்பவன், பஸ் பிடித்து ஆட வருவான். அணியிலேயே குள்ளன்.

[இவன் மேல் எனக்குச் சந்தேகம். குள்ளன் அணியைக் காப்பாற்றுவது கதைக்காரர்கள் செய்கிற வேலை. பாவாவிடமே கேட்டேன். "அவன் எங்க காப்பாத்தினான்? கத்திகினே இருந்தான், அவ்ளோதான்."]

அவன் கத்தியது இது: "அண்ணா, நசருல்லா எடத்துல யாரும் நிக்க வேணாம். பந்து வர்றப்போ எவன் கிட்ட இருக்கறானோ அவன் ஓடட்டும்."

"எவன்னு முன்னாலியே தெரிய வேணாமா?" என்றார் பாவா.

"நமக்கே தெரிலன்னா அவனுங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

அப்படி ஆடிப் பார்த்ததில் முதலில் இரண்டு பேர் ஒன்றாக ஓடித் தலை முட்டிக்கொண்டார்கள். பாவாவுக்கு உதடு கிழிந்தது. மெல்ல மெல்லப் பிடிபட்டது. நசருல்லா காலத்தில் ஒருமுறைகூட ரிங்கைப் பார்த்துப் பந்து போடாதவர்கள் போட ஆரம்பித்தார்கள். சிலது விழவும் செய்தது.

4

பிறகு அரக்கோணத்தோடு மேட்ச். எதிரில் நசருல்லா.

ஜெயித்தார்கள் என்று எழுதிப் படித்துக் காட்டினேன். பாவா சோற்றில் கைவைத்தபடி நிமிர்ந்தார்.

"தோத்தோம்டா. ரெண்டே பாயிண்ட்."

முகத்தைப் பார்த்தால் தோற்றவர் மாதிரியே இல்லை. அந்த முகத்தை எழுதத் தெரியாமல்தான் ஜெயிக்க வைத்திருந்தேன்.

மேட்ச் முடிந்ததும் நசருல்லா இவர்களிடம் வந்து, சிங்காரத்தின் கையிலிருந்த சோடாவை உரிமையோடு வாங்கிக் குடித்திருக்கிறான்.

"யாரைப் புடிக்கறதுன்னே தெரிலடா கோதண்டம். நான் இருந்தப்போ நீங்க யாரும் இப்டி ஓடலியே?"

"நீ இருந்தே. நாங்க எதுக்கு ஓடணும்?"

நசருல்லா காலி பாட்டிலைச் சிங்காரத்தின் கையில் திருப்பிக் கொடுத்தான். "ஞாயித்துக்கெழமையில நானும் வரட்டா? சும்மா, பிராக்டீஸ்க்கு."

"வா. ஆனா நின்னுகினு இருந்தா பந்து வராது."

5

வந்தானா? பாவா அடுத்த கவளத்தோடு சொல்லிவிட்டார். நான் எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, அரக்கோணத்து ரயில் திருத்தணியில் வந்து நிற்கிறது. இறங்குகிறவர்களை நீங்களே பாருங்கள்.