முகம் சுளிக்காத சீட்டு

சீட்டைத் தொட்டதுமே அக்காக்காரியின் விரல் ஒட்டிக்கொண்டது. தைலமா, தின்பண்டமா, யாரோ ஒருத்தருடைய வியர்வையா, என்ன கண்றாவியோ, முகர்ந்து பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. சீட்டை மேஜையில் விட்டெறிந்துவிட்டுக் கையை உடம்பில் படாமல் தள்ளி வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து வருகிற கத்தி கத்தரிகளைக் கழுவி, நீராவியில் சுத்தம் செய்து அனுப்புகிற வேலை அவளுக்கு. ரத்தம் அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. கண்டவன் கை பட்ட பிசுபிசுப்புதான் ஆகாது. பஸ்ஸில் கம்பியைக்கூடக் கைக்குட்டை சுற்றித்தான் பிடிப்பாள்.

"துடைச்சிடாதீங்கம்மா," என்றாள் கடைக்காரி, தாலாட்டுகிற குரலில். "முன்னாடி தொட்டவங்களோட சக்தியெல்லாம் அதுல தங்கியிருக்கு."

"தங்கியிருக்கிறது நல்லாவே தெரியுது."

தங்கச்சி எதையும் காதில் வாங்கவில்லை. நீள மேஜை முழுக்கப் பிரித்து வைத்திருந்த டாரட் என்கிற ஜோசியச் சீட்டுக்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, படம் படமாகப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒத்துவருகிற கட்டு ஒன்று கிடைக்க வேண்டுமாம். அதனிடம் கேட்க வேண்டுமாம். அது போ என்றால் ஆஸ்பத்திரிக்குப் போவாளாம், வேண்டாம் என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாளாம்.

கேட்கப்போவதோ மார்பில் வந்த கட்டியைப் பற்றி. நெல்லிக்காய் அளவில் இருந்தபோது யாரிடமும் சொல்லாமல் மூடி வைத்து, அது பெருத்து, தோல் வெடித்து, சீழ் வைத்த பிறகு போன வாரம்தான் வாயைத் திறந்தாள். அக்காக்காரி யார் யார் காலிலோ விழாத குறையாக ஒரு படுக்கை வாங்கியிருந்தாள். இன்று சாயங்காலத்துக்குள் வார்டில் சேர்ந்தால் காலையில் ஆபரேஷன். சேராவிட்டால் படுக்கை வேறு ஆளுக்கு. இனியும் தள்ளிப்போட்டால் கத்தி வைத்துப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இந்த லட்சணத்தில், பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சீட்டுக் கடையில் நிற்கிறார்கள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

கடையும் கடை மாதிரியா இருந்தது. ஜன்னலைத் திறந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும். வாசனை மெழுகுவத்தி, பழைய கம்பளம், எங்கோ நனைந்து காயாத துணி, மூன்றும் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்தன. மேஜையின் மறு கோடியில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டுச் சீட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பார்த்து முடித்ததைத் தங்கச்சி பக்கம் தள்ளினார். அவளும் சமர்த்தாக வாங்கிக்கொண்டாள். அக்காக்காரி அவள் காதருகே குனிந்தாள்.

"ஏண்டி, அந்த ஆள் எச்சிலைப் பூசிக் குடுக்கிறான், நீயும் வாங்குறியே."

"சும்மா இருக்கா. இந்த ராணி என்னை ஏளனமாப் பார்க்கிறா. இது வேண்டாம்."

"படம்டி அது. காகிதம். அது எங்க உன்னைப் பார்க்குது?"

"நாம கட்டைத் தேடக் கூடாது," என்று நடுவில் புகுந்தாள் கடைக்காரி. "கட்டு நம்மைத் தேடி வரும். கையில எடுத்ததும் ஒரு பேட்டி எடுங்க. நீ யாரு, எனக்கு என்ன சொல்லப்போறேன்னு கேட்டு ஒரு சீட்டை உருவுங்க. மனசுக்கு இதமா வந்தா அதுதான் உங்க கட்டு."

சீ, இதற்கும் ஒரு பேட்டியா. அக்காக்காரி தலையில் அடித்துக்கொள்ளப் போனாள், விரலின் பிசுக்கு ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டாள். கை துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்கு, இழுப்பறையில் காகிதம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் கடைக்காரி. இவள் திறந்தது வேறு இழுப்பறை.

அதற்குள் காகிதம் இல்லை. சீட்டுகள்தான், ரப்பர் பேண்டு போட்டுக் கற்றை கற்றையாக. குதிரைமேல் வரும் எலும்புக்கூடு, இடி விழுந்து சரிகிற கோபுரம், முதுகு நிறைய வாள் செருகிக் குப்புறக் கிடக்கிற ஆள், மறுபடி எலும்புக்கூடு. மேஜையில் இருந்த ஒவ்வொரு கட்டிலிருந்தும் உருவிப் போட்டவை.

கடைக்காரி பதறவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "எடுத்த எடுப்புல எலும்புக்கூடு வந்தா யாருமா வாங்குவாங்க? நல்லதா வந்தா, இது எனக்கு ஒத்துவருதுன்னு கண்ணு கலங்கிடுவாங்க. அதான் சாம்பிள்ல மட்டும் எடுத்துடுறது. புதுப் பெட்டியில எல்லாம் முழுசா இருக்கும். ஏமாத்துறதெல்லாம் இல்ல."

பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. ஓங்கி ஒன்று விடலாமா என்றிருந்தது அக்காக்காரிக்கு. ஆனால் அந்த நேரத்தில் அவள் மண்டைக்குள் இன்னொரு கணக்கு ஓடியது. கட்டுக்குள் கெட்ட சீட்டே கிடையாது. எதை உருவினாலும் நல்லதுதான் வரும். நல்லது வந்தால் இவள் தைரியமாகக் கிளம்பிவிடுவாள். வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் காரியம் முடிந்தது. கடைக்காரியின் தில்லுமுல்லில் தானும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று நினைக்கத் தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது. இருந்தாலும் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள்.

தங்கச்சி கடைசியில் ஒரு கட்டைத் தேர்ந்தெடுத்தாள். இருந்ததிலேயே அழுக்கானது அதுதான். ஓரமெல்லாம் கறுத்து, நூறு பேர் தேய்த்ததில் படங்களின் முகமே அழிந்து போயிருந்தது. அதைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள் இருந்த திரைமறைவில் போய் உட்கார்ந்தாள். மற்ற இரண்டு பேரும் பின்னாலேயே போனார்கள்.

"காலையில ஆபரேஷன். போகலாமா?" என்று கேட்டு ஒரு சீட்டை உருவினாள். பழத்தோட்டத்து நடுவே சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்.

"ஆகா," என்றாள் கடைக்காரி. "இதைவிட நல்ல சீட்டே கிடையாது. நீங்க இருக்கிறபடியே முழுமையா இருக்கீங்க. எதையும் வெட்டி எறிய வேண்டியதில்ல. உங்க உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கும். நான் சொல்லல, சீட்டு சொல்லுது."

தங்கச்சி எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. "கேட்டுட்டியாக்கா? வீட்டுக்குப் போலாம்."

அக்காக்காரிக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு ஆவேசம். இழுப்பறையை அப்படியே உருவிக் கொண்டுவந்து தங்கச்சி முன்னால் கவிழ்த்தாள். ரப்பர் பேண்டு அறுந்து எலும்புக்கூடுகள் தரையெல்லாம் சிதறின. வழுக்கைத் தலைக்காரர் கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு வெளியேறினார்.

"பாரு. நல்லாப் பாரு. கெட்டதையெல்லாம் உருவி ஒளிச்சு வெச்சுட்டுத்தான் உனக்கு நல்லது சொல்றா. தெரிஞ்சும் நானும் வாயை மூடிட்டு நின்னேன். இதை நம்பியா சாகப்போற?"

கடைக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ வெளிய போ," என்றாள் அக்காக்காரி. கடைக்காரியை அவள் கடைக்குள்ளேயே விரட்டினாள். கடைக்காரியும் திரையை விட்டு வெளியே போனாள்.

தங்கச்சி குனிந்து ஓர் எலும்புக்கூட்டை எடுத்துப் பார்த்தாள். பயந்ததாகத் தெரியவில்லை.

"சாவுக்கு நான் பயப்படலக்கா. சட்டையை அவுக்கத்தான் பயம்."

"டாக்டர்கிட்ட என்னடி வெட்கம்?"

"வெட்கம் இல்ல. போன வாரம் உனக்கு அவுத்துக் காட்டினேன்ல. அப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். குப்பைத் தொட்டியைத் திறந்த மாதிரி சுளிச்ச. நீயே அப்படின்னா மத்தவங்க? அங்க டாக்டர், நர்ஸ், படிக்க வந்த பசங்க எல்லாரும் சுத்தி நின்னு பார்ப்பாங்க. சுளிக்காத மூஞ்சி ஒண்ணு வேணும்னுதான் இவ்வளவு நேரம் தேடினேன். இந்தக் கட்டுக்குத்தான் மூஞ்சியே இல்ல."

அக்காக்காரி காலமெல்லாம் அதைத் தொடாதே, இதைத் தொடாதே, கருமம், நாற்றம் என்று வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, அது பெற்ற தாயைப்போல் தன்னைக் காத்துவந்த குணம் என்று நினைத்திருந்தாள். அந்தக் குணம் கூடப்பிறந்தவளைக் கொல்லப் பார்க்கிறது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரையை இழுத்து விட்டாள். "அவுத்துக் காட்டு," என்றாள்.

"இங்கேயா?"

"இங்கேயேதான்."

தங்கச்சி பட்டன்களைக் கழற்றினாள். கடைசித் துணி சீழில் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்காக்காரி அதை மெதுவாகப் பிரித்தாள். நாற்றம் குப்பென்று மேலெழுந்து முகத்தில் அறைந்தது. முகத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் மூக்கும் வாயும் தாமாகவே கோணிக்கொண்டன. தங்கச்சியின் கண் அவள் முகத்தைவிட்டு நகரவே இல்லை.

"பாரு, சுளிக்கிற."

"ஆமா. சுளிக்கத்தான் செய்யும், நான் என்ன பண்றது?" என்றாள் அக்காக்காரி. ஆனால் திரும்பவில்லை. வெறுங்கையைப் புண்ணின் ஓரத்தில் வைத்தாள். அடுப்பருகே வைத்ததுபோல் சுட்டது. விரல் நனைந்தது, கையை எடுக்கவில்லை.

தங்கச்சி குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள். "நாறுதாக்கா?"

"நாறுது."

"வீட்டுக்காரரைக் கேட்டா ஒண்ணுமே தெரியலைன்னார். சொல்லிட்டுக் காத்து வரலைன்னு தலைகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டார். பிள்ளைங்களைக் கேட்டேன், அதுங்களும் இல்லம்மான்னு சொல்லிட்டுப் பக்கத்துல வர்றதே இல்ல." அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. "ரொம்ப நாறுதா?"

"ரொம்ப. தாங்க முடியல," என்றாள் அக்காக்காரி, கண்ணீர் வழிய. "பட்டனைப் போடுடி. படுக்கை போயிடப்போகுது."