நாற்பத்தொன்றாம் பக்கத்து வரி

எழுதுவது எப்படி என்று கல்லூரியில் இரண்டு வருடம் படித்தவளுக்கு, எழுதியவர்களைத் திருப்பி அனுப்பும் வேலைதான் கிடைத்தது. பதிப்பகத்தின் பின்னறையில் ஜன்னலை மறைக்கும் உயரத்துக்குக் கைப்பிரதிகள். பத்து வருடமாகப் படிக்கிறாள். நூற்றில் ஒன்று புத்தகமாகும். மற்றவை வருத்தக் கடிதத்தோடு வந்த வழியே போகும்.

“எழுதறதுக்குப் படிச்சுட்டு, எழுதாதீங்கன்னு கடுதாசி போடுற வேலை! உனக்குன்னு அமையுது பாரு” என்று அண்ணன் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சீண்டுவான். அவள் சிரித்துவைப்பாள். அவளுடைய சொந்த நாவல் அறுபதாம் பக்கத்தில் நின்றுபோய் ஆறு வருடமாகிறது.

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் எழுதியதைக் குறை சொல்லுமுன், அதில் மனதில் தங்கிய ஒரு வரியைச் சொல்லிக்காட்ட வேண்டும். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. படித்த மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. இது மட்டும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வருத்தக் கடிதத்தின் அடியிலும், அந்தப் பிரதியில் உயிரோடிருக்கும் ஒரு வரியைப் பக்க எண்ணோடு கையால் எழுதுவாள். சிலவற்றில் அந்த ஒரு வரிக்காக முந்நூறு பக்கம் நடக்க வேண்டியிருக்கும். கடவுளும் நம்மிடம் இப்படித்தானே தேடுகிறார் என்று நினைத்துக்கொள்வாள்.

அன்று காலை பதிப்பாளர் அச்சடித்த அட்டைக் கட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். ‘தங்கள் படைப்பை வெளியிட இயலாமைக்கு வருந்துகிறோம்.’ அவ்வளவுதான்.

“ஒரு நாளைக்கு முப்பது போகணும்மா. நீங்க எட்டு அனுப்புறீங்க. இனிமே வரி கிரி எல்லாம் வேணாம். அட்டையைப் போட்டு ஒட்டுங்க, போதும்.”

சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை. சொல்லப்போனால், அப்பாடா என்றுகூட இருந்தது. முதல் அட்டையை உறைக்குள் நுழைத்தபோது, பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். கையில் அவள் எழுதிய கடிதம்.

“ஏன் திருப்பி அனுப்பினீங்கன்னு கேக்க வரலீங்க. அது பரவால்ல. கீழ ஒரு வரி எழுதியிருக்கீங்களே, நாப்பத்தொண்ணாம் பக்கம்னு?” அவர் மெதுவாக வாசித்தார்: “‘அம்மா போன பிறகு, வீட்டுக்கு இரண்டு சாவி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.’ மூணு தடவை தேடிட்டேன். என் கதையில சாவியே கிடையாதுங்க. பஸ் சாவிகூட இல்ல.”

அவள் கடிதத்தை எட்டிப் பார்த்தாள். இரண்டு கடிதங்களை உறை மாற்றிப் போட்டிருக்கிறாள். எல்லாவற்றையும் ‘அன்புடையீர்’ என்றே தொடங்குவதால் கண்ணில் படவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பதிப்பாளர் தலை நிமிர்ந்தது.

“மன்னிச்சிடுங்கய்யா. தப்பு என்னோடதுதான்.”

“ஐயோ, அதுக்கில்லம்மா. யாரோ நல்லா எழுதியிருக்காங்க. அவங்களுக்கு இது போய்ச் சேரணும்ல? அதான் ஷிப்டு முடிஞ்சதும் நேரா வந்துட்டேன்.”

கடிதத்தை வைத்துவிட்டுத் திரும்பியவரை அவள் நிறுத்தினாள். பிரதி கையில் இல்லை, தேவையும் படவில்லை.

“நீங்க எழுதினது இது. ‘கடைசி நிறுத்தத்தில் இறங்குகிறவர் மட்டும்தான் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார், மற்றவர்களுக்கு அவசரம்.’ நூத்திப் பன்னெண்டாம் பக்கம்.”

ஓட்டுநர் வகுப்பில் உட்கார்ந்தவரைப் போலவே கேட்டுக்கொண்டு நின்றார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்போ படிச்சிருக்கீங்க” என்றார் கடைசியில்.

“முழுசா படிச்சேங்கய்யா.”

“போதும்மா” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

பதிப்பாளர் வந்து அட்டைக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பொன்றும் இல்லை.

“வரியோடயே ஒரு நாளைக்குக் குறைஞ்சது பதினஞ்சு போகணும்” என்றார். “உறையைப் பாத்து ஒட்டுங்க.”

பதினைந்து என்றால் வீட்டுக்கும் பிரதிகளைச் சுமந்து போக வேண்டியிருக்கும். அண்ணன் சும்மா விடமாட்டான். கண் எரிந்தது, முதுகு வலி அப்படியேதான் இருந்தது. உறைக்குள் போன அட்டையை உருவி எடுத்தாள். சாவியைப் பற்றி எழுதிய பெண்ணின் முகவரியைத் தேடி, புதுத் தாளின் தலையில் முதலில் அவள் பெயரை எழுதினாள்.