பெர்னார்டின் கதைகள்

மலேசியாவில், ரந்தாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்த பெர்னார்டுக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனுக்குப் பிறகு பேச முடியாது என்று டாக்டர் சொன்னதும், பிறக்கப்போகும் பிள்ளைக்காகக் கதைகள் சொல்லி வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைத்தார். உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது. மகள் பிறந்த சில மாதங்களில் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடலாம் என்றார். மனைவி ஆக்னஸ் ஒப்புக்கொள்ளாமல், சிரம்பானில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் முத்தப்பனை வீட்டுக்கு அழைத்தாள்.

"சிஸ்டம்தான் கெட்டுப்போச்சுக்கா. கதையெல்லாம் உள்ளதான் இருக்கும் லா," என்றான் அவன். "பிளாப்பி டிஸ்க்கிலேர்ந்தே கம்ப்யூட்டரைத் திறக்கலாம். அந்த பிளாப்பியைச் செய்யுற சாப்ட்வேர் இண்டர்நெட்ல சும்மாவே கிடைக்குது. நமக்கு வேண்டியதை நாமே சேர்த்துக்கலாம்."

முதலில் செய்த பிளாப்பியில் கம்ப்யூட்டர் திறந்தது. ஆனால் காப்பி எடுக்க அவன் கொண்டுவந்த டிரைவ் அதற்குத் தெரியவில்லை. பிளாப்பியில் இடம் குறைவு என்பதால் தேவையில்லாததை நீக்கி, அந்த டிரைவுக்கு வேண்டியதைச் சேர்த்து, மறுபடி ஒன்று செய்துகொண்டு அடுத்த ஞாயிறு வந்தான்.

இரண்டு கதைகள் கெட்டுப்போயிருந்தன. மற்றவை கிடைத்தன.

முத்தப்பன் தன் மடிக்கணினியில் ஒரு கதையைப் போட்டதும், அப்பாவின் குரல் வந்த பக்கம் குழந்தை திரும்பியது. பெர்னார்ட் அவளைத் தூக்கித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கதைக்கு ஏற்றபடி உதடுகளை அசைத்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆக்னஸ் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முத்தப்பனுக்குத் தேநீர் கலக்கினாள்.